கூடையில் இருந்த ஒயின் பாட்டில்

1990ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இரண்டு பள்ளி மாவட்டங்கள் ஒரு படப் புத்தகத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று ஒதுக்கி வைத்தன. ஒன்று, லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய கல்வர் சிட்டி. மற்றது, மொடெஸ்டோ பக்கத்தில் இருக்கும் எம்பயர். புத்தகம், ட்ரினா ஷார்ட் ஹைமன் தன் நடையில் திருப்பி எழுதிப் படமும் வரைந்த 'லிட்டில் ரெட் ரைடிங் ஹூட்'. நம் பிள்ளைகளுக்குச் சிவப்புத் தொப்பிக்காரி என்று சொல்கிறோமே, அந்தக் கதை.

கதையில் ஓநாய் பாட்டியை விழுங்குகிறது. பாட்டியின் உடுப்பை மாட்டிக்கொண்டு படுத்திருந்து பேத்தியையும் விழுங்குகிறது. வேடன் வந்து அதன் வயிற்றைக் கிழித்து இருவரையும் வெளியே எடுக்கிறான். புத்தகம் ஒதுக்கப்பட்டதற்கு இதில் எதுவும் காரணம் இல்லை. சிறுமியின் கூடையில் ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் பக்கத்தில் ஒரு ஒயின் பாட்டில் இருந்தது. கதை முடியும் இடத்தில் பாட்டி அந்த ஒயினைக் கொஞ்சம் குடிக்கிறாள், உடம்பில் தெம்பு வருகிறது. மது குடித்தால் நல்லது என்று சின்னப் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்களே என்பதுதான் கல்வி அதிகாரிகளின் கவலை.

இந்த நிகழ்வைப் புத்தகத் தடைகளின் பட்டியல்களில் ஒற்றை வரியாகப் பல இடங்களில் பார்க்கலாம். படிப்பவர்கள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். நான் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவள். இந்தக் கதையைப் பல தடவை சொல்லியிருக்கிறேன். அதனால் அந்த ஒற்றை வரியில் எனக்கு நிம்மதி இல்லை. அந்த பாட்டில் கூடைக்குள் எப்படி வந்தது, கதையில் அதற்கு என்ன வேலை, அதை எடுத்துவிட்டால் எது உடையும் என்று பார்த்தால்தான் அந்த முடிவில் எது சரி, எது தப்பு என்று சொல்ல முடியும்.

புத்தகமும் அதைச் செய்தவரும்

ஹைமன் 1939இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். அவருடைய சின்ன வயது முழுக்க இந்த ஒரு கதைதான். அம்மா படித்துக் காட்டிப் படித்துக் காட்டி, நாலு வயதுக்குள் அவருக்கு வாசிக்கவே வந்துவிட்டது. அம்மா ஒரு சிவப்பு அங்கியும் தைத்துக் கொடுத்திருக்கிறார், தலையை மூடும் முக்காட்டோடு. அதை மாட்டிக்கொண்டு, தின்பண்டம் வைத்த கூடையோடு வீட்டுக் கொல்லையைச் சுற்றி வருவாராம், பாட்டி வீட்டுக்குப் போகிற பாவனையில். நிஜப் பாட்டி இருந்தது முந்நூறு மைலுக்கு அப்பால், ரோட் ஐலண்டில். வீட்டு நாய் டிப்பிதான் ஓநாய். சின்னக் கொல்லை என்பதால் இருவரும் அடிக்கடி எதிர்ப்பட வேண்டியிருக்கும், ஒவ்வொரு தடவையும் பெரிய மோதல். சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வரும்போது அவரைக் காப்பாற்ற வந்த வேடனாக நினைத்து ஓடிப்போய் வரவேற்பார். ஒரு வருஷத்துக்கு மேல் இந்த விளையாட்டு நடந்தது என்று தன்னைப் பற்றி எழுதிய சிறு நூலில் சொல்லியிருக்கிறார்.

படிப்பு பிலடெல்பியாவிலும் பாஸ்டனிலும், பிறகு சுவீடனின் ஸ்டாக்ஹோமிலும். முதல் புத்தகத்துக்குப் படம் வரையும் வேலையும் சுவீடனிலேயே கிடைத்தது. கொடுத்தவர் அங்கே ஒரு பதிப்பகத்தில் ஆசிரியராக இருந்த ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென். அமெரிக்காவுக்குத் திரும்பியபின் 150க்கு மேற்பட்ட புத்தகங்களுக்கு வரைந்தார். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் லைம் என்கிற சிற்றூரில் ஒரு பழைய பண்ணை வீட்டில் வாழ்ந்து, 2004இல் காலமானார்.

நாலு வயதிலிருந்து மனசுக்குள் வைத்திருந்த கதையை 1983இல், தன் நாற்பத்து நாலாம் வயதில், புத்தகமாக்கினார். ஹாலிடே ஹவுஸ் வெளியிட்டது. அடுத்த ஆண்டே அமெரிக்கப் படப் புத்தகங்களுக்கான கால்டெகாட் விருதுக் குழு அதைச் சிறப்புப் பட்டியலில் சேர்த்தது. அதற்கும் அடுத்த ஆண்டு, 1985இல், வேறொரு புத்தகத்துக்காக அவருக்கே கால்டெகாட் பதக்கம் கிடைத்தது. கலிபோர்னியாவில் ஒதுக்கப்பட்டது ஏதோ அடையாளம் தெரியாத மலிவுப் பதிப்பு இல்லை. நூலகர்கள் கூடி உட்கார்ந்து தேர்ந்தெடுத்த புத்தகம்.

ஹைமனின் புத்தகத்தில் சிறுமிக்குப் பெயர் உண்டு: எலிசபெத். எழுத்து ஓடும் பகுதியைச் சுற்றி ஒட்டுத்துணிப் போர்வை மாதிரி பூவும் கட்டமுமாகக் கரை. கதை கேட்கும் பிள்ளையின் கண் எழுத்தில் நிற்காது, கூடைக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கும். அப்படி எட்டிப் பார்க்கிற பிள்ளைக்காகவே வரைந்தவர் ஹைமன். 'ஒரு பாட்டில் ஒயினும்' என்று எழுத்தில் இருந்தால் காது அதைக் கடந்து போய்விடும். படத்தில் பாட்டிலின் கழுத்து கூடையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கண் கடந்து போகாது. பெரியவர்களின் கண்ணும்தான்.

கூடைக்குள் எப்படி வந்தது

அச்சில் வந்த முதல் கதையில் ஒயின் இல்லை. 1697இல் பாரிஸில் ஷார்ல் பெரோ வெளியிட்ட கதையில் சிறுமி எடுத்துப்போவது தட்டையான ஒரு பணியாரமும் சின்னப் பானையில் வெண்ணெயும். அந்தக் கதையில் வேடனும் இல்லை. ஓநாய் சிறுமியைத் தன்னோடு படுக்கைக்குக் கூப்பிடுகிறது, விழுங்குகிறது, கதை முடிந்தது. கீழே பெண் பிள்ளைகளுக்கு எச்சரிக்கையாகச் சில வரிகள். கூடையில் மது இல்லாத இந்தக் கதையைத்தான் நான் ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லத் தயங்குவேன்.

பிரான்ஸின் நிவெர்னே பகுதியில் 1885 வாக்கில் வாய்மொழியாகக் கேட்டு எழுதிவைத்த ஒரு வடிவம் இருக்கிறது. அதில் சிறுமி கொண்டுபோவது சுடச்சுட ஒரு ரொட்டியும் ஒரு பாட்டில் பாலும். அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்த ஓநாய் மனிதன், பாட்டியைக் கொன்று கறியை அலமாரியில் வைத்துவிட்டு ரத்தத்தை ஒரு பாட்டிலில் ஊற்றி வைக்கிறான். 'பசிக்குமே, அலமாரியில் கறி இருக்கிறது, பாட்டிலில் ஒயின் இருக்கிறது' என்கிறான். பெண் சாப்பிடுகிறாள், குடிக்கிறாள். பக்கத்தில் இருந்த பூனை அவளைத் திட்டுகிறது. எழுதியது, ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களுக்குப் பிந்தைய காலம்தான். ஆனாலும் அச்சுக் கதைகளில் இல்லாத பழைய நாட்டுப்புறக் கூறுகள் அதில் இருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தக் கதையில் பெண் தன் புத்தியாலேயே தப்பிக்கிறாள், வேடன் தேவைப்படவில்லை.

ஒயினைக் கூடையில் வைத்தது ஜெர்மனி. யாகோப் கிரிம், வில்ஹெல்ம் கிரிம் இருவரும் 1812 டிசம்பரில் தங்கள் தொகுப்பின் முதல் பகுதியை பெர்லினில் வெளியிட்டார்கள். அதில் 26ஆவது கதை 'ரோட்கெப்ஷென்'. ஜெர்மன் மொழியில் அதற்குச் சிவப்புக் குட்டித்தொப்பி என்று பொருள். ஆங்கிலப் பெயரில் வருவது முக்காடு வைத்த அங்கி. நாம் சிவப்புத் தொப்பி என்று சொல்லும்போது, தெரிந்தோ தெரியாமலோ, ஜெர்மன் மூலத்துக்குத்தான் பக்கத்தில் நிற்கிறோம்.

இந்தக் கதையைக் கிரிம் சகோதரர்களுக்குச் சொன்னது காட்டுக்குள் வாழ்ந்த கிழவி இல்லை. காசெல் நகரத்து ஹாஸன்ஃப்ளூக் குடும்பத்தின் இளம்பெண் ஜெனெட். தாய்வழியில் பிரான்ஸிலிருந்து மதக் கொடுமைக்குத் தப்பி வந்த ஹ்யூகனோக்களின் வம்சம். 1812 பதிப்பில் அம்மா பேசும் வரியைப் பாருங்கள். ஒயின் இருக்கும் பாத்திரத்துக்கு அங்கே இருக்கும் சொல் 'பூட்டேய்'. அது பிரெஞ்சுச் சொல். பிந்தைய பதிப்புகளில் வில்ஹெல்ம் அதை 'ஃபிளாஷே' என்று நல்ல ஜெர்மனாக மாற்றினார். பிரான்ஸிலிருந்து நடந்து வந்த கதை என்பதற்கு அந்த ஒரு சொல் சாட்சி.

அம்மா சொல்வது ஏறக்குறைய இதுதான்: 'வா, இதோ ஒரு துண்டு கேக்கும் ஒரு பாட்டில் ஒயினும். பாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடு. உடம்பு சரியில்லாமல் துவண்டு கிடக்கிறாள், இதைச் சாப்பிட்டால் தெம்பு வரும். ஒழுங்காகப் போ, பாதையை விட்டு விலகி ஓடாதே. விழுந்து கண்ணாடி உடைந்துவிட்டால் பாட்டிக்கு ஒன்றும் இருக்காது.'

இந்த வரியில்தான் எனக்கு இந்த நிகழ்வு முழுக்கப் புரிந்தது. பாதையை விட்டு விலகாதே என்று அம்மா சொல்வது ஓநாய்க்காக இல்லை. அவளுக்கு ஓநாயைப் பற்றி யோசனையே இல்லை. பாட்டில் உடையும் என்பதுதான் அவள் கவலை. வீட்டில் இருந்த நல்ல பொருள் ஒன்றைச் சின்னப் பெண்ணின் கையில் கொடுத்து அனுப்புகிற எந்தத் தாயும் சொல்கிற வார்த்தை. கதையின் ஆணிவேரான கட்டளை அந்தக் கண்ணாடியில்தான் நிற்கிறது. சிறுமி அதை மீறிப் பூப்பறிக்கப் போகிறாள். பாட்டில் உடையவில்லை. அம்மா பயந்தது நடக்கவில்லை, அம்மா நினைத்தே பார்க்காதது நடந்துவிடுகிறது. இதை எழுதிவைத்தவர்கள் யாராக இருந்தாலும் பிள்ளை வளர்ப்பதில் உள்ள ஒரு பெரிய வலியைத் தெரிந்தவர்கள்.

அப்புறம் ஓநாய் கேட்கிறது, கையில் என்ன என்று. அவள் ஒளிக்காமல் சொல்கிறாள்: கேக்கும் ஒயினும், பாட்டி உடம்பு தேற. கடைசியில் பாட்டி கேக்கைத் தின்று ஒயினைக் குடிக்கிறாள். 1857இல் வந்த கடைசிப் பதிப்பில் 'தேறிக்கொண்டாள்' என்றும் இருக்கிறது. ஆக ஒயின் வருகிற இடங்களில் எல்லாம் நோயாளிக்கான பொருளாகத்தான் வருகிறது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் மருத்துவர்களே பலவீனமானவர்களுக்கு ஒயினை எழுதிக் கொடுத்தார்கள். நம் வீட்டில் காய்ச்சல் விட்டவருக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுப்பது மாதிரிதான் அந்தப் பெண்ணின் அம்மா அதைக் கொடுத்தனுப்புகிறாள்.

ஹைமனின் கூடையை இப்போது திரும்பப் பார்த்தால் ஒன்று தெரியும். ரொட்டியோடு வெண்ணெயும் இருக்கிறது, ஒயினும் இருக்கிறது. வெண்ணெய் பெரோவின் கதையில் வருவது, ஒயின் கிரிம் கதையில் வருவது. அவர் திட்டமிட்டுச் செய்தாரோ இல்லையோ, இரண்டு நாட்டுக் கூடைகளும் ஒன்றாகிவிட்டன.

கிரிம் சகோதரர்களே வெட்டியவர்கள்தான்

இந்தக் கதைகள் பிள்ளைகளுக்கு ஆகுமா என்கிற கேள்வி 1990இல் புதிதாக வந்ததில்லை. முதல் பகுதி வந்த உடனேயே நண்பர் ஆகிம் ஃபான் ஆர்னிம் கடிதம் எழுதினார். அந்தத் தொகுப்பில் பிள்ளைகள் கசாப்பு விளையாட்டு விளையாடி ஒரு பிள்ளையைக் கொன்றுவிடும் கதை ஒன்று இருந்தது. அதைப் படித்த ஒரு தாய் புத்தகத்தைத் தன் பிள்ளையிடம் கொடுக்க முடியவில்லை என்று வருந்தியதாக அவர் தெரிவித்தார். பிள்ளைகளுக்கென்று தான் தொகுக்கவில்லை என்றார் யாகோப். ஆனாலும் 1819இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்தக் கதை இல்லை. பிள்ளைகளுக்கு ஒவ்வாத சொற்களை நீக்கியிருப்பதாக முன்னுரையிலேயே எழுதினார்கள். கோபுரத்தில் அடைபட்ட ரப்புன்ட்ஸெல், உடுப்பு இறுகிப் போகிறதே ஏன் என்று வெகுளியாகக் கேட்டுத் தன் கர்ப்பத்தைக் காட்டிக்கொடுக்கும் வரியும் மாறிப்போனது.

வில்ஹெல்ம் 1857 வரை, ஏழு பதிப்புகளிலும், இழைத்து இழைத்துத் திருத்தினார். அத்தனை திருத்தத்திலும் ஒயின் பாட்டிலை அவர் தொடவில்லை. கர்ப்பம் கண்ணில் பட்டவருக்கு ஒயின் கண்ணில் படவில்லை என்றால், அவருக்கு அது ஒளிக்க வேண்டிய பொருளாகத் தெரியவே இல்லை. ஒவ்வொரு காலமும் தன் பயத்துக்குத் தகுந்த இடத்தில்தான் கத்தரியை வைக்கிறது.

படம் என்ன செய்யும் என்பதும் அவர்களுக்குச் சீக்கிரமே தெரிந்தது. முதல் தொகுப்பில் படமே இல்லை, பிள்ளைகள் புத்தகத்துக்குப் படம் இல்லாமல் எப்படி என்று ஆர்னிம் குறைப்பட்டார். 1823இல் லண்டனில் ஜார்ஜ் க்ரூக்ஷாங்க் வரைந்த படங்களோடு ஆங்கில மொழிபெயர்ப்பு வந்து நன்றாக விற்றது. அதைப் பார்த்துத்தான் 1825இல் ஐம்பது கதைகளை மட்டும் எடுத்துச் சின்னப் பதிப்பு போட்டார்கள். இன்னொரு சகோதரர் லுட்விக் எமில் கிரிம் அதற்கு ஏழு படங்கள் வரைந்தார். சிவப்புத் தொப்பிக்காரிக்கும் ஒரு படம் உண்டு. கதைகள் வீடு வீடாகப் போனது அந்தச் சின்னப் பதிப்பால்தான்.

அதிகாரிகள் பக்கம்

இப்போது கலிபோர்னியா. அந்த முடிவை எடுத்தவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் தனி நிர்வாகக் குழு உண்டு. தன் பள்ளிகளில் எந்தப் புத்தகம் இருக்கலாம் என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு, பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டியதும் அதுதான். காலமும் அப்படி. 1983இல் லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையும் அந்நகரப் பள்ளி நிர்வாகமும் சேர்ந்து 'டேர்' என்கிற திட்டத்தைத் தொடங்கியிருந்தன. சீருடையோடு காவலர்களே வகுப்புக்கு வந்து போதைப்பொருள் வேண்டாம், மது வேண்டாம் என்று பாடம் எடுப்பார்கள். கல்வர் சிட்டி அந்த நகரத்தின் மடியிலேயே இருக்கிற ஊர். மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலைப் பணத்தைக் குறைப்போம் என்று 1984இல் மத்திய அரசு சட்டம் போட்டது. 1989இல் போதை ஒழிப்புப் பள்ளிச் சட்டம் இறுக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரிலிருந்து நாட்டில் விற்கும் ஒவ்வொரு மது பாட்டிலிலும் அரசின் எச்சரிக்கை வாசகம் ஒட்டப்பட வேண்டும்.

ஒரு பக்கம் எச்சரிக்கை ஒட்டிய பாட்டில், இன்னொரு பக்கம் குடித்துத் தெம்படைகிற பாட்டி. இரண்டும் ஒரே வகுப்பறையில் இருக்க வேண்டும். குடியால் சீரழிந்த வீட்டிலிருந்து வரும் பிள்ளை அந்த வகுப்பில் இல்லை என்று யார் சொல்ல முடியும்? அந்தப் பிள்ளைக்குக் குடிப்பது நல்லது என்கிற ஒரு வரி எப்படிக் கேட்கும் என்று ஒரு ஆசிரியர் தயங்கினால் அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன்.

நான் குறை காண்பது அடுத்த படியில். தயக்கம் வந்தால் அதைப் பிள்ளைகளிடமே கேள்வியாக வைக்கலாம்: அந்தக் காலத்தில் ஏன் ஒயினை மருந்தாக நினைத்தார்கள், இன்றைக்கு மருத்துவர் என்ன சொல்வார்? ஐந்து நிமிஷப் பேச்சு. புத்தகத்தையே விலக்கியபோது அந்தப் பேச்சும் போயிற்று. அதோடு போனது ஒரு பொருள் மட்டும் இல்லை. அந்நியரை நம்பிக் கையில் இருப்பதையும் போகும் இடத்தையும் சொல்லிவிடுகிற ஒரு குழந்தையைப் பற்றி, சின்னப் பிள்ளைகளோடு பேச அந்தப் பள்ளிகளுக்குக் கிடைத்திருந்த மிக அழகான படங்களும் போயின. ஓநாய் அவளிடம் முதலில் கேட்பதே எங்கே போகிறாய், என்ன வைத்திருக்கிறாய், பாட்டி வீடு எங்கே என்பதுதான். அவள் வழி முழுக்க அடையாளம் சொல்கிறாள்: காட்டுக்குள் இன்னும் கால் மணி நேர நடை, மூன்று பெரிய ஓக் மரங்களுக்குக் கீழே வீடு. அந்தப் பக்கத்தில் ஒரு ஆசிரியர் நிறுத்தி, 'இதைச் சொல்லியிருக்கலாமா?' என்று கேட்டால் போதும். எந்தப் பாதுகாப்புப் பாடத்தையும்விட அது ஆழமாக இறங்கும்.

நான் மாற்றிச் சொன்ன நாள்

இதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்று யோசித்தபோது நினைவுக்கு வந்தது. நானும் ஒருமுறை மாற்றியிருக்கிறேன். எங்கள் பக்கத்து நூலகத்தில் சனிக்கிழமைக் கதைநேரம், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். டாஸ்மாக் வாசலைத் தாண்டித்தான் அவர்களில் பாதிப் பேர் வர வேண்டும். ஒயின் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'ஒரு பாட்டில் திராட்சை ஜூஸ்' என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவின் வரி வந்தது. பாதையை விட்டு ஓடாதே, விழுந்தால் பாட்டில் உடைந்துவிடும். முன் வரிசையில் இருந்த ஒரு பெண் குழந்தை உடனே கேட்டது: "ஜூஸ் பாட்டில் பிளாஸ்டிக்தானே அக்கா, விழுந்தா எப்படி உடையும்?" கண்ணாடி பாட்டில் என்று சமாளித்தேன். கடைசியில் பாட்டி ஜூஸைக் குடித்துத் தேறினாள் என்றபோது இன்னொரு பையன்: "ஜூஸ் குடிச்சா பாட்டிக்கு உடம்பு சரியாயிடுமா?" பிள்ளைகள் சும்மா கேட்கவில்லை. நான் பிடுங்கிய இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது, அதில் விரலை விட்டுப் பார்த்தார்கள்.

அடுத்த தடவை உள்ளபடியே சொன்னேன். அந்தக் காலத்தில் அந்த ஊரில் நோயாளிக்கு மருந்து மாதிரி ஒயின் கொடுப்பார்கள் என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன், அவ்வளவுதான். 'மருந்தா?' என்று ஒரு பையன் முகம் சுளித்தான். 'இப்போ டாக்டர் அப்படிக் கொடுக்க மாட்டார்' என்றேன். சரி என்று தலையாட்டினான். அவனுக்கு ஓநாய் எப்போது வரும் என்பதுதான் முக்கியம்.

மது இல்லாத எத்தனையோ பதிப்புகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. கூடையில் பழம் இருக்கும், பிஸ்கட் இருக்கும், சூப் இருக்கும். அவற்றில் பலவற்றில் பாட்டி அலமாரிக்குள் ஒளிந்துகொள்கிறாள், ஓநாய் யாரையும் விழுங்குவதில்லை. படிப்பவருக்குச் சங்கடமில்லை. ஆனால் பாதையை விட்டு ஏன் விலகக் கூடாது என்று அந்தக் கதைகளில் கேட்டுப் பாருங்கள். 'அம்மா சொன்னதால்' என்பதைத் தவிர பதில் கிடைக்காது. கிரிம் கதையில் காரணம் இருந்தது, கையில் கனமாக, உடையக்கூடியதாக.

ஜெர்மனியில் பிள்ளைகள் இன்றும் கேக்கும் ஒயினும் என்றுதான் கேட்டு வளர்கிறார்கள். 1960இல் மேற்கு ஜெர்மன் அஞ்சல் துறை தன் நலநிதி அஞ்சல்தலைகளில் இந்தக் கதையையே நாலு காட்சிகளாக வெளியிட்டது. அந்த நாட்டில் ரோட்கெப்ஷென் என்ற பெயரிலேயே ஒரு நுரைக்கும் ஒயின் விற்கிறது. ஃப்ரைபுர்க் என்கிற ஊரில் செய்வது, 1894இல் வைத்த பெயர். அதற்கும் கதையின் கூடைக்கும் சம்பந்தமில்லை. பாட்டிலின் மூடியைச் சுற்றிய உறை சிவப்பாக இருந்ததால் அந்தப் பெயர்.

இரண்டாவது ஓநாய்

பெரும்பாலான படப் புத்தகங்களில் வராத ஒரு பகுதி கிரிம் கதையில் இருக்கிறது. அதைச் சொன்னவர் ஜெனெட்டின் சகோதரி மாரி. முதல் கதை முடிந்தபின், இப்படியும் சொல்வார்கள் என்று தொடர்கிறது.

சிறுமி மறுபடி பாட்டி வீட்டுக்குப் போகிறாள். இந்தத் தடவை கையில் சுட்ட பலகாரம் மட்டும்தான், ஒயின் இல்லை. வேறொரு ஓநாய் பேச்சுக் கொடுக்கிறது. அவள் நிற்காமல் பாதையிலேயே நேராகப் போய்ப் பாட்டியிடம் சொல்கிறாள்: ஓநாய் எதிர்ப்பட்டது, வணக்கம் சொன்னது, ஆனால் கண்ணைப் பார்த்தால் நல்லதாகத் தெரியவில்லை. பாட்டி கதவைத் தாழ்போடச் சொல்கிறாள். ஓநாய் கதவைத் தட்டிப் பார்க்கிறது, பதில் இல்லை. கூரைமேல் ஏறி, சாயங்காலம் பெண் வீட்டுக்குத் திரும்பும்போது பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறது.

போன தடவை படுக்கையில் துவண்டு கிடந்த பாட்டிதான் இப்போது திட்டம் போடுகிறாள். வாசலில் பெரிய கல்தொட்டி. 'நேற்று சாசேஜ் வேகவைத்த தண்ணீர் இருக்கிறது, வாளியில் மொண்டு தொட்டியில் ஊற்று' என்கிறாள் பேத்தியிடம். பெண் தொட்டி நிறையும்வரை சுமந்து சுமந்து ஊற்றுகிறாள். வாசனை மேலே போகிறது. ஓநாய் மோப்பம் பிடித்து எட்டிப் பார்க்கிறது, கழுத்தை இன்னும் நீட்டுகிறது, கால் வழுக்கித் தொட்டிக்குள்ளேயே விழுந்து மூழ்கிச் சாகிறது. சிவப்புத் தொப்பிக்காரி சந்தோஷமாக வீட்டுக்கு நடக்கிறாள், வழியில் அவளுக்கு யாரும் ஒரு தீங்கும் செய்யவில்லை.